முன்னால் பூனை, பின்னால் கொடி

பழைய சாமான் எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று இந்தப் பகுதியை ஆரம்பித்தபோது வெண்கல உருளி, தேக்குப் பெட்டி, கிராமபோன் என்றுதான் கடிதம் வரும் என்று நினைத்திருந்தேன். இந்த முறை வந்ததில் முக்கால்வாசி ஸ்பூன். எல்லாமே வெள்ளைக்காரன் காலத்து மேஜைச் சாமான், பின்பக்கம் எறும்பு அளவில் நாலைந்து எழுத்து, கூடவே "இது வெள்ளியா, யாருடையது, எவ்வளவு போகும்?" என்ற அதே மூன்று கேள்வி. சரி, இந்த இதழ் முழுக்க ஸ்பூனுக்கே போகட்டும்.

முதலில் ஒரு வேண்டுகோள். அனுப்பிய படங்களில் பாதியில் முத்திரையைக் காணோம், போன் பிளாஷ்தான் பௌர்ணமி மாதிரி தெரிகிறது. பிளாஷை அணைத்துவிடுங்கள். முத்திரை மேல் கொஞ்சம் விபூதியையோ சாக்பீஸ் தூளையோ விரலால் தடவி, மேலாக இருப்பதைத் துணியால் ஒற்றி எடுத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேஜை மட்டத்தில் பிடித்துக்கொண்டு படம் எடுங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி (குன்னூரிலிருந்து ஒரு வாசகி): என் மாமனாரின் அப்பா ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது ஒரு பெட்டி நிறைய ஸ்பூனும் ஃபோர்க்கும் கொடுத்துவிட்டுப் போனாராம். இப்போது பதினொரு ஸ்பூனும் ஒன்பது ஃபோர்க்கும் மிச்சம். கைப்பிடி நுனியில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றி பெல்ட் மாதிரி ஒரு வளையம், அதில் ஆங்கிலத்தில் "டச் நாட் த கேட்" வரை படிக்க முடிகிறது, அப்புறம் தேய்ந்துவிட்டது. பின்பக்கம் ஒரு சின்னக் கொடிக்குள் "டபிள்யூ அண்ட் எச்", அதற்கு அடுத்து தனித்தனிக் கட்டங்களில் ஈ, பி, என், எஸ், கடைசியில் "ஏ 1". பூனைதான் கம்பெனி முத்திரை, அந்தக் காலத்துப் பூனை மார்க் ஸ்பூன் என்று என் கணவர் அடித்துச் சொல்கிறார். அப்படியா ஐயா?

பதில்: உங்கள் கணவர் தனியாள் இல்லை, பழைய சாமான் கடைக்காரர்களே இதில் வழுக்குகிறார்கள், அதனால் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முன்னால் இருப்பது சாப்பிட்டவனின் அடையாளம். பின்னால் இருப்பது செய்தவனின் அடையாளம். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டு ஸ்பூனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பின்னால் உள்ள கொடி இரண்டிலும் அச்சாக ஒன்றுபோல இருக்கும், ஏனென்றால் அது இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே அடியாக அடித்தது. பூனையின் மீசையோ வாலோ மட்டும் ஒரு மயிரிழை மாறியிருக்கும், அது ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பூனாகக் கையால் செதுக்கியது. நம் ஊர் பாத்திரக் கடையில் குடம் வாங்கினால் பெயர் வெட்டித் தருகிறார்களே, அதே கதைதான். நாம் "மீனாட்சி" என்று வெட்டிக்கொண்டோம், துரை வீட்டார் பூனையை வெட்டிக்கொண்டார்கள்.

முதலில் பின்பக்கத்தைப் பார்ப்போம். கொடிக்குள் டபிள்யூ அண்ட் எச் என்றால் வாக்கர் அண்ட் ஹால், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் 1845இல் தொடங்கிய நிறுவனம். 1963இல் மாப்பின் அண்ட் வெப், எல்கிங்டன் என்ற இரண்டு பழைய போட்டியாளர்களோடு சேர்ந்து ஒரே கம்பெனியாகிவிட்டது. ஷெஃபீல்டுக்காரர்களுக்கு இப்படிப் படம் வைக்கும் பழக்கம் அதிகம். ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ் என்றால் ஊதுகொம்பு, வில்லியம் ஹட்டன் என்றால் குறுக்காக வைத்த அம்புகள், ஹென்றி வில்கின்சன் என்றால் குறுக்குச் சாவிகள், மாப்பின் என்றால் சூரியன். எழுத்து தேய்ந்தாலும் படத்தின் வெளிக்கோடு தப்பிவிடும், பல சமயம் அதை வைத்துத்தான் நானே கண்டுபிடிப்பது.

ஈ.பி.என்.எஸ். என்பது எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர். பெயரில்தான் சில்வர், நிக்கல் சில்வரில் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை அது, நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்று சொல்வது இதைத்தான். அதன் மேல் மின்சாரத்தின் உதவியால் வெள்ளியை ஏற்றினார்கள். 1840இல் பர்மிங்காம் எல்கிங்டன்கள் காப்புரிமை வாங்கிய முறை. வெள்ளி சீராக ஒட்ட சயனைடு கரைசல் வேண்டும் என்று கண்டுபிடித்தவர் அவர்கள் அல்ல, ஜான் ரைட் என்ற அந்த ஊர் சர்ஜன். அவரிடமிருந்து அவர்கள் அதை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் நூறு வருடம் முன்னால், 1740களில், ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் என்பவர் செம்பின் மேல் வெள்ளியை வைத்துச் சூட்டிலேயே ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்துத் தகடாக உருட்டும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பழைய ஷெஃபீல்டு தகட்டுச் சாமான் தேய்ந்தால் உள்ளே செம்பின் சிவப்பு தெரியும். உங்களுடையது தேய்ந்தால் மங்கலான மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரியும். ஸ்பூனின் முதுகை, மேஜையில் வைத்தால் பலகையில் படுகிற அந்தப் புடைப்பை, பாருங்கள். முலாம் முதலில் போவது அங்கேதான்.

"ஏ 1" என்பது எங்கள் முதல் தர முலாம் என்று கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட மார்க். அரசாங்கம் அளந்து கொடுத்ததல்ல, ஒரு கம்பெனியின் ஏ 1ஐ இன்னொன்றின் ஏ 1ஓடு ஒப்பிட முடியாது. வாக்கர் அண்ட் ஹால் பொதுவாக நன்றாகத்தான் போட்டார்கள் என்பது என் அனுபவம்.

அந்தத் தனித்தனிக் கட்டங்கள்தான் விவகாரம். நிஜ வெள்ளியில் சிங்கம், ஊர்ச் சின்னம், வருட எழுத்து என்று வரிசையாகக் குட்டி முத்திரைகள் இருக்கும். முலாம் சாமான் செய்தவர்கள் சிங்கத்தைப் போட்டால் சட்டம் பிடிக்கும், அதனால் ஈ, பி, என், எஸ் என்ற நாலு எழுத்தையே நாலு கேடயத்துக்குள் போட்டு, சில பேர் எழுத்தைக் கோணல்மாணலான பழைய பாணியில் வேறு எழுதி, தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளி முத்திரை மாதிரியே தெரியும்படி செய்துவிட்டார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையைக் கண்ணாடி போடாதவர்களுக்கு ஏற்றபடி சொன்னார்கள், அவ்வளவுதான்.

வருடம் தெரிய வேண்டுமானால் முத்திரை பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். "இங்கிலாந்து" என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு, இறக்குமதிச் சாமானில் நாட்டுப் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதால் வந்த பழக்கம் அது. "ஆர்டி" என்று ஆரம்பித்து ஒரு எண் இருந்தால் அது வடிவமைப்பைப் பதிவு செய்த எண். 1884 ஜனவரியில் 1 என்று தொடங்கி, 1900 தொடங்கும்போது மூன்றரை லட்சத்தைத் தொட்டுவிட்டது, ஆகவே எண்ணைப் பார்த்தே அந்த வடிவம் எப்போது பதிவானது என்று சொல்லிவிடலாம். எண்ணுக்குப் பதில் மூலைகளில் எழுத்துகளோடு ஒரு வைரக் கட்டம் இருந்தால் அது 1842க்கும் 1883க்கும் இடைப்பட்ட பதிவு.

இப்போது பூனை. பிரபு வம்சத்துக் கேடயம், சிங்கம், கொடி எல்லாம் சேர்ந்த முழுச் சின்னம் வேறு. அதன் உச்சியில், தலைக்கவசத்தின் மேல் நிற்கிற உருவத்துக்குத்தான் கிரெஸ்ட் என்று பெயர், ஸ்பூன் கைப்பிடியில் இடம் கொஞ்சம் என்பதால் அதை மட்டும் வெட்டிக்கொள்வார்கள். சாதாரணமாக அதன் அடியில் முறுக்கிய கயிறு மாதிரி ஒரு பட்டை இருக்கும். உங்களுடையதில் கயிறு இல்லாமல் பக்கிள் வைத்த பெல்ட் சுற்றியிருப்பது ஸ்காட்லாந்து வழக்கம். ஸ்காட்லாந்தில் கிளான் என்று சொல்கிற குலக்குழுவின் தலைவருக்குத்தான் அந்தச் சின்னம் சொந்தம், குழுவில் பிறந்த மற்றவர்கள் "நான் அவருடைய ஆள்" என்று காட்ட அதைப் பெல்ட்டுக்குள் வைத்துப் போட்டுக்கொள்ளலாம். தேய்ந்துபோன வாசகத்தை நான் முடித்துவிடுகிறேன்: "டச் நாட் த கேட் பாட் எ கிளவ்". பழைய ஸ்காட்டிஷ் வழக்கில் "பாட்" என்றால் இல்லாமல். கையுறை இல்லாமல் பூனையைத் தொடாதே. வீட்டுப் பூனை அல்ல, ஸ்காட்லாந்து மலைக்காட்டுப் பூனை, நகம் வெளியே வந்தால் கை போய்விடும் என்ற எச்சரிக்கை.

இந்த வாசகம் சத்தன் என்ற பெரிய குலக் கூட்டணியைச் சேர்ந்தவர்களுடையது. மக்கின்டாஷ், மக்ஃபர்சன் இரண்டு குலத்துக்கும் பூனைதான், வாசகமும் ஒன்றுதான். வித்தியாசம் பூனையின் உடம்பில். மக்கின்டாஷ் பூனை பின்னங்காலில் எழும்பிப் பாயும், மக்ஃபர்சன் பூனை உட்கார்ந்திருக்கும். உங்கள் பூனை நிஜமாகவே உட்கார்ந்திருந்தால், லென்ஸ் வைத்துப் பின்னங்காலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள், மக்ஃபர்சன் வீட்டுச் சாமான் என்று சொல்லலாம்.

வீடு எது என்று தெரிந்துவிட்டது, ஆள் யார் என்று தெரியவில்லை. மக்ஃபர்சன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் இறந்தாலோ ஊருக்குக் கிளம்பினாலோ வீட்டுச் சாமானை ஏலம் போட்டுவிடுவது சகஜம், அதனால் உங்கள் துரையே இன்னொருவருடைய பூனையை ஏலத்தில் எடுத்திருக்கலாம். துரையின் பெயர் குடும்பத்தில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எஸ்டேட்டின் பெயரை வைத்து அந்தக் காலத்து வருடாந்தர டைரக்டரிகளில் தேடலாம், எஸ்டேட் வாரியாக மேனேஜர் பெயர் போட்டிருப்பார்கள். மக்ஃபர்சன் என்று வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): பாட்டி வீட்டுப் பூஜை அலமாரியில் பால் ஊற்ற வைத்திருந்த ஒரு பெரிய ஸ்பூன். பின்னால் நடந்துபோகிற சிங்கம், நங்கூரம், ஒரு எழுத்து, ஒரு ராஜா தலை, அப்புறம் இரண்டு எழுத்து. கப்பல்காரர்களுடையதா?

பதில்: கப்பலும் இல்லை, கடலும் இல்லை. நங்கூரம் பர்மிங்காம் நகரத்தின் தரச் சோதனைக்கூடத்துக்கு அடையாளம், பர்மிங்காமிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்தான். 1773இல் பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் ஒரே சமயத்தில் சோதனைக்கூடம் அனுமதியானது, அதற்காக லண்டனுக்குப் போனவர்கள் கூடிய விடுதியின் பெயர் கிரீடமும் நங்கூரமும், அதையே ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை. ஷெஃபீல்டு கிரீடத்தை எடுத்துக்கொண்டு 1974 வரை வைத்திருந்தது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை.

நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. ராஜா தலை வரி கட்டியதற்கான ரசீது, 1784இலிருந்து 1890 வரை போட்டார்கள். ராணி தலை இல்லாமல் ராஜா தலை என்பதால் விக்டோரியாவுக்கு முந்தியது. தனி எழுத்துதான் வருடம், ஆனால் எழுத்து மட்டும் போதாது, அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவமும் வேண்டும், அதே எழுத்து இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வேறு கேடயத்தில் திரும்பி வரும். தெளிவான படம் அனுப்பினால் வருடத்தையே சொல்லிவிடுகிறேன். இந்த இதழில் நிஜ வெள்ளி உங்கள் பாட்டியுடையது ஒன்றுதான். பால் ஊற்றுவது தொடரட்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): முத்திரையே இல்லாத ஒரு ஜோடி ஸ்பூன். அடகுக்கடைக்காரர் அரம் வைத்து ஒரு கீறல் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். போடச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாம். உரைகல்லில் லேசாக உரைத்தாலும் மேல் முலாம்தான் பேசும், அதனால்தான் அவர் அரத்துக்குப் போகிறார். அவர் மேல் தப்பில்லை, ஆனால் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசில் ஸ்பூனை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஸ்பூனை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள், அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது. இப்போது தராசு காட்டுவதால் முதல் எடையை வகுங்கள். உதாரணமாக ஸ்பூன் 62 கிராம், தண்ணீரில் காட்டுவது 7 கிராம் என்றால் விடை ஏறக்குறைய 8.9, நிக்கல் சில்வர். 6 கிராம் காட்டினால் 10.3, வெள்ளியாக இருக்க நல்ல வாய்ப்பு. கிராமுக்குக் கீழே ஒரு புள்ளியாவது காட்டுகிற தராசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, இரண்டிலுமே ஒட்டாது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): பழைய பிரெஞ்சு வீட்டிலிருந்து வந்த ஃபோர்க்குகள். பின்னால் ஒரு தராசுப் படம், இரண்டு "சி". துலாம் ராசிக்காரர் யாராவது செய்துகொண்டதா என்று என் அம்மா கேட்கிறார். "84" என்றும் இருக்கிறது, நகைக்கடையில் 84 டச் வெள்ளி, அதாவது நூற்றுக்கு 84 பங்கு சுத்தம் என்கிறார்கள்.

பதில்: அம்மாவின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தராசும் இரண்டு "சி"யும் பாரிஸின் கிறிஸ்டோஃப்ல் நிறுவனத்து முத்திரை, ஷார்ல் கிறிஸ்டோஃப்ல் என்ற பெயரின் இரண்டு முதலெழுத்து. எல்கிங்டனின் முறையைப் பிரான்ஸில் பயன்படுத்தும் உரிமையை 1842இல் வாங்கியவர்கள் அவர்கள். ஃபோர்க்கில் முத்திரைக் கட்டத்தின் வடிவத்தைக் கவனியுங்கள்: பிரெஞ்சுச் சாமானில் சாய்சதுரம் என்றால் முழு வெள்ளி செய்தவரின் முத்திரை, நேர்ச்சதுரம் என்றால் முலாம்.

84 டச் அல்ல. ஐரோப்பிய முலாம் சாமானில் வருகிற இந்த மாதிரி எண்கள், ஒரு டஜன் ஸ்பூன், ஒரு டஜன் ஃபோர்க் ஆக இருபத்துநான்கு சாமானின் மேல் மொத்தம் எத்தனை கிராம் வெள்ளி ஏற்றினார்கள் என்பதைச் சொல்கின்றன. ஜெர்மனியின் டபிள்யூ.எம்.எஃப். கம்பெனிச் சாமானில் "90" என்று பார்ப்பீர்கள், அதுவும் இதே கணக்குதான், ஒன்றுக்குச் சராசரி 3.75 கிராம். 90 டச் என்று நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை, இதே "84" ரஷ்யச் சாமானில் இருந்தால் அது நிஜ வெள்ளி. பழைய ரஷ்யக் கணக்கில் சுத்த வெள்ளி 96, அதில் 84 என்றால் நம் கணக்கில் 87.5 சதவீதம். ஆக, எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் நாட்டைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் ஃபோர்க்கில் குடும்ப எழுத்து முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம் வெட்டியிருக்குமே? பிரெஞ்சுக்காரர்கள் மேஜையில் ஃபோர்க்கைக் கவிழ்த்து வைப்பார்கள். விருந்தாளிக்குத் தெரிவது முதுகுதான்.

கேள்வி (நியூஜெர்சியில் மகள் வீட்டிலிருந்து ஒரு வாசகி): இங்கே ஒரு கராஜ் சேலில் பத்து டாலருக்கு ஒரு பெட்டி ஸ்பூன் வாங்கினேன். "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்" என்று பொறித்திருக்கிறது. 1847ஆம் வருடத்துச் சாமானைப் பத்து டாலருக்குக் கொடுத்துவிட்டார்களே, பாவம்!

பதில்: பாவப்பட வேண்டாம் அம்மா, சரியான விலைதான். 1847 என்பது சாமான் செய்த வருடம் அல்ல, பிராண்டின் பெயரில் ஒரு பகுதி. ரோஜர்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் நாலைந்து கம்பெனிகள் முளைத்துவிட்டதால், ஆதி ரோஜர்ஸ் சகோதரர்கள் முலாம் தொழில் தொடங்கிய வருடத்தைப் பெயரோடு சேர்த்துவிட்டார்கள், நம் ஊரில் "ஒரிஜினல்" என்று போர்டில் சேர்ப்பது போல. இருபதாம் நூற்றாண்டிலும் அதே 1847தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது.

கேள்வி (நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்): ஆறு தேக்கரண்டி, ஈ.பி.என்.எஸ். கைப்பிடியில் சிறிய கிரீடம், அதன்மேல் ஐந்து உருண்டைகள் உயரமான காம்புகளில் நிற்கின்றன. விற்றவர் அரச குடும்பத்துச் சாமான் என்றார்.

பதில்: அரச குடும்பம் இல்லை. அரசரின் கிரீடத்தில் வளைவுகள் மேலே போய்ச் சேர்ந்து, உச்சியில் ஓர் உருண்டையும் சிலுவையும் இருக்கும். உங்களுடையது பிரபுக்களின் குறுமுடி, அதில் உருண்டையை எண்ணினாலே பட்டம் தெரியும். பக்கவாட்டில் பார்க்கும்போது நாலு உருண்டை என்றால் பாரன், விளிம்பிலேயே நெருக்கமாக ஏழோ ஒன்பதோ உட்கார்ந்திருந்தால் வைகவுண்ட், உயரக் காம்பில் ஐந்தும் நடுவே இலைகளும் என்றால் எர்ல், மூன்று இலைக்கு நடுவே இரண்டு உருண்டை என்றால் மார்க்விஸ், உருண்டையே இல்லாமல் ஸ்ட்ராபெரி இலை மட்டும் என்றால் டியூக். உங்களுடையது எர்ல். இது பிரிட்டிஷ் கணக்கு, பிரான்ஸில் வேறு.

எர்ல் வீட்டில் ஏன் முலாம் என்று கேட்பீர்கள். விருந்து மேஜைக்கு வெள்ளி, பயணத்துக்கும் வேலைக்காரர் சாப்பாட்டு அறைக்கும் முலாம் என்று வைத்திருந்த வீடுகள் உண்டு. ஆனால் ஹோட்டல்களும் அழகுக்காகக் கிரீடம் போட்டுக்கொண்டார்கள், ஆகவே கிரீடத்தின் கீழே எழுத்தோ விலங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லாமல் கிரீடம் மட்டும் என்றால் எந்த எர்ல் என்று சொல்ல முடியாது.

கேள்வி (சென்னை வாசகர்): மீன் சாப்பிடும் கத்தி ஒன்று, ஈ.பி.என்.எஸ்., "பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று அடித்திருக்கிறது. அப்படியானால் மவுண்ட் ரோட்டிலேயே செய்ததா?

பதில்: மணிக்கூண்டோடு நிற்கிறதே, சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் கட்டி 1879இல் திறந்த கட்டடம், அந்தக் கடைதான். சாமி உருவங்கள் பொறித்த வெள்ளிச் சாமான் செய்து பெயர் வாங்கியவர்கள். ஆனால் முலாம் கத்தி, ஸ்பூன் விஷயத்தில் ஒரு பொது விதி: பெரிய கடைகள் ஷெஃபீல்டிலும் பர்மிங்காமிலும் மொத்தமாக வாங்கி, தங்கள் பெயரை அங்கேயே அடித்து வரவழைப்பது வழக்கம். ஊர்ப் பெயரோடு கடைப் பெயர் இருந்தால் விற்றவன் பெயர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அலகின் அடியில் வேறு குட்டி எழுத்துகள் இருந்தால் அது செய்தவனுடையது.

கேள்வி (கோவை வாசகி): புளி போட்டுத் தேய்க்கலாமா? வேறு எப்படிப் பளபளப்பாக்குவது? மறுபடி முலாம் போடச் சொல்லலாமா?

பதில்: புளி பித்தளைக்கு. வெள்ளி விளக்குக்கு விபூதி போடுகிறோம், கனமான வெள்ளி தாங்கும், முலாமுக்கு அதுவும் மாதம் தவறாமல் வேண்டாம். பல வருடம் முன்னால் எனக்குக் கிடைத்த முதல் கிரெஸ்ட் ஸ்பூனை, கழுகோ கொக்கோ ஏதோ ஒரு பறவை, அடுப்புச் சாம்பல் போட்டு ஆசை தீரத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. பறவையைக் காணோம். இன்றைக்கும் அது கழுகா கொக்கா என்று எனக்குத் தெரியாது.

ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சூடான தண்ணீரும் ஒரு ஸ்பூன் சோடா உப்பும் போட்டு, சாமான் தாளைத் தொடும்படி சில நிமிடம் வையுங்கள். கறுப்பு என்பது வெள்ளியோடு கந்தகம் சேர்ந்தது, அலுமினியம் அந்தக் கந்தகத்தை வாங்கிக்கொண்டு வெள்ளியை அங்கேயே விட்டுவிடும், தேய்ப்பே இல்லை. கத்திகளை மட்டும் இதில் போடாதீர்கள். பழைய கத்திகளின் கைப்பிடி உள்ளே வெறும் கூடு, அதில் குங்கிலியம் மாதிரி ஒரு பிசினை உருக்கி ஊற்றித்தான் அலகைச் செருகியிருப்பார்கள், சூட்டில் இளகிக் கையோடு வந்துவிடும். எலும்புக் கைப்பிடியும் வெடிக்கும். கைப்பிடியில் மெல்லிய கோடுகள் வலைபோல் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தால் அது எலும்பல்ல, யானைத் தந்தமாக இருக்கலாம், அதை விற்க வாங்க 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டம் விடாது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைக்காதீர்கள், போட்ட இடத்தில் கறுப்பு வளையம் விழும். பழைய வேட்டித் துணி போதும்.

மறுமுலாம் போடுகிறவர் முதலில் மெஷினில் பாலிஷ் போட்டுச் சமமாக்குவார், வெட்டின கோடு அதில் மழுங்கும். சின்னமில்லாத ஸ்பூனுக்குத் தாராளமாகப் போடுங்கள். பூனை, கழுகு உள்ளதைத் தொடாதீர்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): இரண்டு கிலோ ஈ.பி.என்.எஸ். இருக்கிறது. வெள்ளி விலை ஏறியிருக்கிறதே, உருக்கினால் என்ன கிடைக்கும்?

பதில்: செம்பு, துத்தநாகம், நிக்கல்.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): ஒரு ஃபோர்க்கில் "எஸ்.ஐ.ஆர்." என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. யாருடைய குடும்பச் சின்னம்? என் தாத்தா எந்தத் துரையிடமும் வேலை பார்த்ததில்லை, ரயிலில் நிறையப் பயணம் போனவர், அவ்வளவுதான்.

பதில்: கேள்விக்குள்ளேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். சவுத் இந்தியன் ரயில்வே. 1951 ஏப்ரல் 14இல் எம்.எஸ்.எம். என்ற மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் ரயில்வேக்களோடு சேர்ந்து சதர்ன் ரயில்வே ஆனது, ஆகவே ஃபோர்க் அதற்கு முந்தியது. ரயில்வே, கிளப், ரெஜிமெண்ட் எல்லாம் இப்படி எழுத்துப் போட்டதற்கு ஒரே காரணம், யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பது. தாத்தாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் கம்பெனி செய்தது என்று தெரிந்தால் காலத்தை இன்னும் நெருக்கிச் சொல்லலாம். ஜோடி ஸ்பூனும் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள்.